புழுதிப் படத்துக்காக ஆட்டை விரட்டாதீர்கள்

அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையோடு தஞ்சை வயல்களுக்குக் கிடை போட, அதாவது எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை வயலில் அடைத்து வைக்க, வருவார்கள். இப்போது அவர்கள் பின்னாலேயே கேமராக்களும் வருகின்றன. கால்நடை மருத்துவரான எனக்கு இந்தப் பருவத்தில் இது மூன்றாவது அழைப்பு. சாயங்கால வெயிலில் புழுதி பறக்க ஒரு படம் வேண்டும் என்று கேட்டு, மந்தையை நான்கு தடவை ஓட வைத்திருக்கிறார்கள். ஓர் ஆடு வாய்க்காலில் இடறி முன்னங்கால் முறிந்தது. மறுநாள் இன்னொன்றுக்குச் சினை கலைந்தது. சினை கலையப் பல காரணங்கள் உண்டு, ஓட்டத்தின் மேல் மட்டும் பழி போட மாட்டேன். கால் முறிந்ததற்கு அப்படித் தேட வேண்டியதில்லை.

"கேட்டாக சார், முகத்த முறிக்க முடியல" என்றார் கீதாரி.

"ஆடு ஓடுறது சகஜம்தானே?" என்று படம் எடுப்பவர்கள் என்னிடமே கேட்கிறார்கள். சகஜம் இல்லை. துள்ளி விளையாடுவது குட்டி. வளர்ந்த செம்மறி கூட்டமாக ஓடினால் பயந்து ஓடுகிறது என்று அர்த்தம். ஒன்று ஓடினால் பின்னால் இருப்பதெல்லாம் ஓடும், வரப்பும் பள்ளமும் அதற்குத் தெரியாது. மேயும் மந்தை தலையைக் குனிந்தபடி மெல்ல நகரும். வயிறு நிறைந்தால் படுத்து அசை போடும். சினை ஐந்து மாதம். குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி ஆறு வாரத்தில். அந்த வயிற்றோடு எத்தனை ஆடு நிற்கிறது என்பது கீதாரிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. எந்தக் கீதாரியும் வயிறு நிறைந்த மந்தையை விரட்டிக்கொண்டு கிடைக்குத் திரும்ப மாட்டார். ஆக, பாரம்பரிய வாழ்க்கை என்று நீங்கள் தலைப்புப் போடும் அந்தப் படத்தில் அவர் வாழ்க்கையே இல்லை.

ட்ரோனை மந்தைக்கு மேல் இறக்காதீர்கள். ராத்திரி கிடையில் ஃபிளாஷ் வேண்டாம். ஆடு மிரளும், காவல் நாய் உங்கள் மேல் பாயும். அன்று ஈன்ற குட்டியைத் தூக்கி வைத்துப் படம் எடுக்கவே கூடாது. தாய் மோந்து பார்த்துத்தான் தன் குட்டியை அறிகிறது. உங்கள் சென்ட் வாசனை ஒட்டினால் பால் கொடுக்காமல் முட்டித் தள்ளலாம். அப்புறம் அந்தக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்து அலைவது கீதாரி வீட்டுப் பெண்கள்.

கிடை போட்ட இடத்தை அன்றைக்கே இணையத்தில் போடாதீர்கள். ஆட்டுத் திருடர்களும் ஃபோன் வைத்திருக்கிறார்கள்.

வயல்காரரிடம் அனுமதி வாங்கினால் போதாது, கீதாரியிடம் கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் முழுக்கக் கூட நடங்கள். காலையில் குட்டிகளை அடைத்து வைக்கும் குடாப்பைத் திறந்ததும் குட்டிகள் தாயைத் தேடி ஓடும், அதை யாரும் விரட்ட வேண்டியதில்லை. எடுத்த படத்தில் ஒரு பிரதி அவருக்குக் கொடுங்கள். சீக்கிரம் கொடுங்கள், சில நாளில் கிடை அடுத்த வயலுக்குப் போய்விடும்.