புது கிராபிக்ஸ் கார்டும் 'வரை' என்கிற ஒரு சொல்லும்

2025 ஜனவரி. காலையில் கடை ஷட்டரை முழுசாகத் தூக்கக்கூட இல்லை, வாடிக்கையாகப் பார்ட்ஸ் வாங்கும் கல்லூரி மாணவர் ஒருவர் போனை நீட்டினார்.

"அண்ணா, 5070 வந்ததும் எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க. 4090 பெர்ஃபாமன்ஸாம், 549 டாலராம்!"

சில மணி நேரத்துக்கு முன்புதான் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி மேடையில், இந்தக் கிராபிக்ஸ் கார்டுகளைத் தயாரிக்கும் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அதைச் சொல்லியிருந்தார். 4090 என்பது முந்தைய வரிசையில் 1,599 டாலருக்கு வந்த கார்டு. 16,384 கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகு), 24 ஜிபி மெமரி. 5070இல் இருப்பது 6,144 கோர், 12 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு விலையில், பாதிக்கும் குறைவான கோர்களை வைத்துக்கொண்டு அதே வேகம் எப்படி வரும்? "தம்பி, விமர்சனம் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

மார்ச்சில் கார்டு வந்தது. சுயேச்சையாகச் சோதித்தவர்களின் கணக்கில் அது 4090ஐ அல்ல, அதற்கு வெகு கீழே இருக்கும் 4070 சூப்பரை ஒட்டித்தான் நின்றது. மேடையில் சொன்னது பொய்யா என்றால், சுத்தப் பொய் இல்லை. அங்கே எண்ணப்பட்ட பிரேம்கள் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வேறு வகை, அவ்வளவுதான்.

5070 சேர்ந்த 50 வரிசையில் வந்த மல்டி பிரேம் ஜெனரேஷன் என்பது இப்படி வேலை செய்கிறது: கார்டு உண்மையில் வரைந்த ஒவ்வொரு பிரேமுக்கும் அறிமுகமானபோது மூன்று பிரேம் வரை ஏஐ ஊகித்து இடையில் செருகியது. நொடிக்கு 30 பிரேம் வரைகிற கார்டு திரையில் 120 காட்டும். கண்ணுக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் மவுஸ் அசைவை விளையாட்டு கணக்கில் எடுப்பது அந்த 30 பிரேமில் மட்டும். அதாவது 33 மில்லி விநாடிக்கு ஒரு முறை. செருகுவதற்காக அடுத்த பிரேமைக் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டியிருப்பதால் தாமதம் இன்னும் சற்றுக் கூடவும் செய்யும். பார்த்தால் 120, கையில் பிடித்தால் 30. அடிப்படையிலேயே 60, 70 பிரேம் வந்து, மானிட்டரும் வேகமானதாக இருந்தால் இது நல்ல வசதிதான். நானே போட்டு விளையாடுகிறேன். ஆனால் திணறுகிற கார்டைக் கரையேற்றும் மருந்து அல்ல அது.

வேகத்தைப் பட்டைகளாகக் காட்டிய அந்த அறிமுக வரைபடங்களிலேயே உண்மையும் இருந்தது. வரிசையில் ஃபார் க்ரை 6 என்ற விளையாட்டும் உண்டு. அதில் டிஎல்எஸ்எஸ் (பிரேம் செருகுவதும் அடங்கிய என்விடியாவின் ஏஐ தொழில்நுட்பம்) கிடையாது, எனவே பிரேம் செருகும் வித்தைக்கு இடமில்லை. அங்கே பட்டை குட்டையாக இருந்தது. பழைய கார்டை இரண்டு மடங்கு தாண்டிய உயரமான பட்டைகளுக்குப் பக்கத்தில் பாவமாக நின்ற அந்தக் குட்டைப் பட்டைதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகும் கார்டு. எந்தக் கம்பெனி வரைபடம் வெளியிட்டாலும் நான் முதலில் தேடுவது குட்டைப் பட்டையை. அடுத்து, கீழே எறும்பு எழுத்தில் இருக்கும் குறிப்பை.

போட்டிக் கம்பெனியான ஏஎம்டியும் இதில் சளைத்ததில்லை. 2022 நவம்பரில் 7900 எக்ஸ்டிஎக்ஸை அறிவித்தபோது தங்கள் முந்தைய கார்டான 6950 எக்ஸ்டியைவிட "1.7 மடங்கு வரை" வேகம் என்றார்கள். விமர்சனங்களில் சராசரி அதற்கு வெகு கீழே இருந்தது. ஆடி மாதம் ஜவுளிக்கடை வாசலில் '50% வரை தள்ளுபடி' போர்டைப் பார்த்து உள்ளே போனவர்களுக்கு இந்த 'வரை' புதிதல்ல. ஐம்பது சதவீதம் ஏதோ ஒரு மூலையில் கர்ச்சீப்புக்கு இருக்கும். கிராபிக்ஸ் கார்டு என்று வந்தால் மட்டும் அந்த அனுபவம் மறந்துபோகிறது.

கசிந்த தகவல்களை நம்பி வருகிறவர்களும் உண்டு. "அடுத்த கார்டில் கோர் நாற்பது சதவீதம் அதிகமாம்" என்பார்கள். கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால் ஓரளவு அர்த்தம் உண்டு. தலைமுறை மாறினால் கணக்கே மாறிவிடும். என்விடியாவின் பழைய 2080 டிஐ கார்டில் 4,352 கோர். 2020இல் வந்த 3070இல் 5,888. ஆனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். கோரை அமைக்கும் விதம், எண்ணும் விதம் இரண்டும் இடையில் மாறியிருந்தன.

பெயரும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் என்விடியா 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டு கார்டுகளை அறிவித்தது. வித்தியாசம் மெமரியில் மட்டும் இல்லை. ஒன்றில் 9,728 கோர், மற்றதில் 7,680. எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரில் சின்னதைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஜனவரியில் அதே சிப் 4070 டிஐ என்ற பெயரில், 100 டாலர் குறைந்து, 799க்கு வந்தது. கார்டு மாறவில்லை, பெயரும் விலையும்தான் மாறின. பெயருக்கு நூறு டாலர்!

இப்போது அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மெமரியில். என் மேசைக்கு வந்த ஒரு மெஷினைச் சொல்கிறேன். 8 ஜிபி கார்டு, எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. போட்டிருந்தது பழைய பிசிஐஇ 3.0 (கார்டைச் செருகும் இணைப்பின் பழைய தலைமுறை) மதர்போர்டு. "கார்டு ஃபால்ட், மாத்திக் கொடுங்க" என்று வந்தார். விளையாட்டை ஓட்டிப் பார்த்தேன். சராசரி 70 பிரேம், குறையே இல்லை. ஆனால் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு. அரை நொடி படம் உறைந்து, பிறகு ஓடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கார்டின் மெமரி 7.7 ஜிபியில் முட்டி நிற்கிறது. அதற்குக் கீழே ஷேர்டு மெமரி, அதாவது கணினி ரேமிலிருந்து கார்டு கடன் வாங்கும் இடம், ஏறிக்கொண்டே போகிறது. கார்டில் இடம் போதாமல் டெக்ஸ்சர்கள் (விளையாட்டில் பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) ரேமுக்கு வழிகின்றன. எட்டு லேன் (தரவு போகும் தடம்) மட்டுமே உள்ள அந்தக் கார்டுக்கு, பழைய போர்டில் ரேமுக்குப் போய்வரும் பாதை நொடிக்குச் சுமார் 8 ஜிபி. கார்டின் சொந்த மெமரி ஓடுவது நூற்றுக்கணக்கான ஜிபி வேகத்தில். நாலுவழிச் சாலை ஒற்றையடிப் பாதையில் வந்து சேர்ந்தால் வெட்டாமல் என்ன செய்யும்? டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தேன், வெட்டு நின்றது. கார்டில் ஃபால்ட் எதுவும் இல்லை, வாங்கியதில்தான்.

அதனால்தான் சராசரி பிரேமை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். '1% லோ' என்று ஓர் எண் போடுவார்கள். மிக மெதுவான ஒரு சதவீதப் பிரேம்களின் வேகம் அது. இந்த வெட்டு அங்கே தெரியும். 5060 டிஐ, 9060 எக்ஸ்டி இரண்டுமே 8, 16 ஜிபி என இரு வகையில் விற்கின்றன. வெளிவந்தபோது அறிவித்த விலையில் வித்தியாசம் 50 டாலர். விமர்சனம் 16 ஜிபிக்கு, கடையில் கை நீட்டுவது 8 ஜிபிக்கு என்று ஆகிவிடக் கூடாது.

விலைக்கு வருவோம். அமெரிக்க விலையை டாலர் மதிப்பால் பெருக்கிவிட்டு "இங்கே கொள்ளையடிக்கிறார்கள்" என்பது வழக்கம். அந்த 549 டாலரில் அவர்கள் ஊர் விற்பனை வரி சேரவில்லை. இங்கே 18% ஜிஎஸ்டி உண்டு. அன்றைய 86 ரூபாய் கணக்கில் வரியோடு ஐம்பத்தைந்தாயிரத்தைத் தாண்டும். இங்கே அறிவித்த விலை 59,000. அதற்கு மேல் கேட்டால் அங்கேதான் பேரம் பேச வேண்டும். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் காசையும் கார்டு விலையில் சேர்த்துப் பாருங்கள்.

முன்பதிவு என்ற பேச்சே வேண்டாம். 2025 மே மாதம் 5060 விற்பனைக்கு வந்தபோது, பெரும்பாலான விமர்சகர்களுக்கு டிரைவரே (கார்டை இயக்கும் மென்பொருள்) முன்கூட்டித் தரப்படவில்லை. நல்ல சரக்கைக் கடைக்காரன் ஏன் மூடி வைக்க வேண்டும்?

அந்தத் தம்பி ஏப்ரலில் திரும்ப வந்தார். விமர்சனங்கள் எல்லாம் பார்த்து, பத்து விளையாட்டின் சராசரியை நோட்டில் எழுதி, ஒரு பிரேமுக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துக்கூட வைத்திருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. பில் போடும் நேரத்தில்தான் மானிட்டர் என்ன என்று கேட்டேன். 1080பி, 60 ஹெர்ட்ஸ். 120 பிரேம் வந்தாலும் அந்தத் திரை நொடிக்கு 60தான் காட்டும். ஜனவரியிலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பில்லைக் கிழித்துவிட்டு, மானிட்டர் அடுக்கியிருக்கும் பக்கம் கூட்டிப்போனேன்.