குடிநீர்ப் பரிசோதனை: ஆய்வகத்துக்குப் புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஒரு லிட்டர் குளிர்பான பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் இரண்டு பஸ் மாறி ஆய்வகத்துக்கு வந்திருந்தார். மகனுக்குப் பத்து வயது. முன்பற்களில் பழுப்புக் கோடுகள் விழத் தொடங்கியிருந்தன. முதல் முறை வந்தபோது, "பொறுப்பாளர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை, "ஊராட்சியில் கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார்கள். மூன்றாம் முறை கடிதத்தோடு வந்தார். "இந்தப் பாட்டிலில் எடுக்க மாட்டோம்" என்றார்கள். நானும் அன்று அங்கே நின்றிருந்தேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஆரஞ்சு வாசனை இன்னும் போகவில்லை. அந்தப் பாட்டிலை மறுத்தது சரிதான். ஆனால் அதை முதல் நாளே ஒரு வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தால் அவருக்கு இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

அவரைப் போல அலைந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு இருக்கும் உரிமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராமத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசுத் திட்டமான ஜல் ஜீவன் இயக்கம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. அதன் கீழ் 2021 மார்ச்சில் வந்த தர கண்காணிப்பு நெறிமுறை, அரசுக் குடிநீர் ஆய்வகங்களைப் பொதுமக்களுக்கும் திறந்துவிடச் சொன்னது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. உட்கோட்ட ஆய்வகங்களும் உண்டு. உங்கள் வீட்டுக் கிணறு, போர்வெல், குழாய் எதுவானாலும் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளலாம். பொதுமக்களுக்குத் திறந்த ஆய்வகத்தில் சொந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்க ஊராட்சிக் கடிதம் எதற்கு? கேட்டால், "எந்த உத்தரவின்படி கேட்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

பலர் ஏமாறும் முதல் இடம் இதுதான்: ஊராட்சிக் குழாயில் வரும் தண்ணீரைச் சோதிப்பது உங்கள் செலவு இல்லை. ஒவ்வொரு பொது நீராதாரத்தையும் ஆண்டுக்கு ஒரு முறை ரசாயனப் பரிசோதனையும், மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை கிருமிப் பரிசோதனையும் செய்வது அரசின் கடமை. இதற்கு மேலாக, கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, களப் பரிசோதனைப் பெட்டி ஒன்றையும் ஊராட்சிக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பெட்டி பல ஊர்களில் ஊராட்சி அலுவலக பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஊராட்சி செயலரிடம் போய், அதை எடுத்து உங்கள் கண் முன்னால் உங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெட்டியைத் திறந்ததும் மருந்துக் குப்பிகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி கடந்த மருந்தில் வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பயனில்லை. பெட்டியில் கிருமிக்கென்று தனியாகச் சிறு குப்பிகள் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் ஓரிரு நாளில் கறுப்பாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். கறுத்தால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. மாதிரி உடனே ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

பெட்டியும் ஆளும் இல்லையென்றால் டேங்க் ஆபரேட்டரைப் பிடியுங்கள். அவரிடம் குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப் இருக்க வேண்டும். தொட்டியடியில் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். சாக்கடையோரம் உடைந்த குழாய் வழியே அழுக்கு உள்ளே போனால் அது கடைசி வீட்டில்தான் தெரியும்.

கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி நிலத்தடி நீரில், பல்லில் பழுப்புக் கோடு விழவைக்கும் புளோரைடு அதிகம் என்பதால்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஓகேனக்கல் திட்டமே வந்தது. ஆனால் ஆற்றுத் தண்ணீர் குறைவாக வரும் நாட்களில் உள்ளூர் போர்வெல் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றுவது பல ஊர்களில் வழக்கம். ஆற்றுத் தண்ணீர் வந்த நாளில் எடுத்த மாதிரி "நன்று" என்று வந்துவிடும். போர்வெல் மோட்டார் ஓடிய நாளின் தண்ணீரைச் சோதியுங்கள்.

பாட்டிலும் நாளும்

வீண் அலைச்சலில் பாதி பாட்டிலால் வருகிறது. ரசாயனப் பரிசோதனைக்கு ஒரு பாட்டில், கிருமிப் பரிசோதனைக்கு இன்னொரு பாட்டில் என்று தனித்தனியாக வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ரசாயனத்துக்கு இரண்டு லிட்டர் புதிய வெள்ளை பிளாஸ்டிக் கேன் போதும். சோதிக்கப் போகும் தண்ணீராலேயே மூன்று முறை அலசிவிட்டு, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். போர்வெல் என்றால் மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். குழாயிலேயே தேங்கி நின்ற தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தால் அது குழாயின் கதையைச் சொல்லும். கிணற்றின் கதை தெரியாது.

கிருமிக்கு அப்படிச் செய்யக் கூடாது. ஆய்வகமே கொடுக்கும், கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். முதல் பயணத்தில் அதை வாங்கி வருவதுதான் வேலை, தண்ணீரோடு போகாதீர்கள். அந்தப் பாட்டிலை அலசக் கூடாது. உள்ளே வெள்ளையாகக் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தால் அழுக்கென்று கழுவிவிடாதீர்கள்; தண்ணீரில் உள்ள குளோரினை முறிக்கப் போட்ட மருந்து அது. அது இல்லாத பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்தால், வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். உங்கள் குழந்தை குடித்த தண்ணீரில் இருந்த கிருமி ஆய்வக மேசைக்கு வரும்போது இருக்காது. "கிருமி இல்லை" என்று அறிக்கை வரும். வயிற்றுப்போக்கு வந்த தெருவுக்கே இப்படி அறிக்கை வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

குழாய் வாயைத் துடைத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை விட்டு, பிறகு பிடியுங்கள். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. மேலே சற்று இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது நல்லது. எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மீன் கடையில் கிடைக்கும் ஐஸும் தெர்மாகோல் பெட்டியும் போதும். ஐஸ் உருகிய தண்ணீர் பாட்டில் கழுத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளையும் பார்த்துப் போங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்க ஓரிரு நாள் ஆகும் என்பதால், வெள்ளிக்கிழமை கொண்டுபோனால் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். திங்கள் முதல் புதன் வரை, காலையிலேயே போய்விடுங்கள். புறப்படும் முன் தொலைபேசியில் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: கிருமிப் பரிசோதனைக்கு ஆளும் மருந்தும் இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, எப்படிக் கட்ட வேண்டும். பதில் சொன்னவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கையில் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாத பரிசோதனைக்கு அறிக்கையும் வராது.

அறிக்கையில் மறைந்திருப்பது

"ரசாயன அடிப்படையில் குடிக்க உகந்தது" என்று முத்திரை குத்திய அறிக்கையைக் காட்டி, "எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர்" என்று நிம்மதியாகப் போனவர்கள் நிறையப் பேர். அந்த வரியின் முதல் இரண்டு சொற்களைப் படியுங்கள். கிருமியை அவர்கள் பார்க்கவே இல்லை. தனியாகக் கேட்டுத் தனியாகப் பணம் கட்டினால்தான் அதைப் பார்ப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 10500 என்ற 2012ஆம் ஆண்டு விதிப்படி, 100 மில்லி தண்ணீரில் கோலிபார்ம், இ.கோலி என்ற, கழிவு கலந்ததைக் காட்டும் கிருமிகள் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. "சிறிதளவு இருக்கிறது, பரவாயில்லை" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

அடுத்தது இரண்டு எண்களின் வேலை. பல பொருட்களுக்கு அந்த விதி இரண்டு அளவுகளைத் தருகிறது. முதலாவது, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் அனுமதிக்கும் அளவு. கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500, 2,000 மில்லிகிராம். கடினத்தன்மைக்கு 200, 600. புளோரைடுக்கு 1, 1.5. உங்கள் ஊரில் வேறு தண்ணீர் கொடுக்க வழி இருக்கும்போதும் அதிகாரி இரண்டாவது எண்ணைக் காட்டி "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று கோப்பை மூடுவார். "வேறு ஆதாரம் இல்லை என்று எப்போது முடிவு செய்தீர்கள்?" என்று கேளுங்கள். நைட்ரேட்டுக்கு இந்தச் சலுகையே இல்லை. 45 மில்லிகிராம் தாண்டினால் தாண்டியதுதான். உரம் அதிகம் போடும் வயலுக்கு நடுவே கிணறு இருந்தாலும், கழிவறைக் குழி பக்கத்தில் இருந்தாலும் நைட்ரேட்டைக் கட்டாயம் பாருங்கள். பால்புட்டியில் பால் கலக்கும் கைக்குழந்தை வீட்டில் இருந்தால் இன்னும் கட்டாயம்.

புளோரைடும் நைட்ரேட்டும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடும். "காய்ச்சிக் குடியுங்கள்" என்ற பொதுவான அறிவுரை கிருமிக்கு மட்டுமே பொருந்தும்.

கருவி விற்க வருகிறவர் இலவசமாகச் செய்து காட்டும் சோதனையை நம்பாதீர்கள். இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் தன் கருவித் தண்ணீர் என்று வைத்து, மின்கம்பிகளை இறக்குவார். உங்கள் டம்ளர் பழுப்பாகிக் குழம்பும். அவருடையது தெளிவாக இருக்கும். பார்க்கிற தாய்க்கு நெஞ்சு பதறும். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வந்ததில்லை. கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் ஓடி இரும்பு கரையும், ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் கரையாது. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி இறக்கச் சொல்லுங்கள். அவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனாவும் அப்படித்தான். உப்பின் மொத்த அளவைத் தவிர வேறெதையும் அது சொல்லாது. கிருமியோ புளோரைடோ அதில் தெரியாது.

தனியார் ஆய்வகத்துக்குப் போவதானால், ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் கேட்கும் அந்தக் குறிப்பிட்ட பரிசோதனைக்கு அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். சிமென்ட் சோதிக்க அங்கீகாரம் பெற்ற இடமும் சுவரில் அதே முத்திரையை மாட்டியிருக்கும்.

தொழிற்சாலைக் கழிவால் கிணறு கெட்டது என்று சண்டை போடுகிறவர்களுக்கு: நீங்களே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரியின் அறிக்கையில் "மனுதாரர் கொண்டுவந்த மாதிரி" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் வாசிப்பார். அந்த அறிக்கையை இணைத்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுத்து, அவர்களே வந்து மாதிரி எடுக்கச் செய்யுங்கள்.

அறிக்கை வந்த பிறகு

சென்னையில் குழாயில் சாக்கடை வாடை அடித்தால் குடிநீர் வாரியத்தின் 044-45674567 எண்ணில் சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகார் புகாரே இல்லை. மற்ற இடங்களில் முதல்வரின் முகவரி உதவி எண் 1100. ஆனால் அதை மட்டும் நம்பாமல், அறிக்கையின் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் குடிநீர் வடிகால் வாரிய நிர்வாகப் பொறியாளருக்கும் தனித்தனி மனு கொடுங்கள். "இது எங்கள் பொறுப்பு இல்லை, அவர்களுடையது" என்று இருவரும் ஒருவரையொருவர் காட்டுவார்கள். இருவருக்கும் கொடுத்த மனுவின் ஒப்புகையும் கையில் இருந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அந்த விளையாட்டு நடக்காது. கிராமம் என்றால் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் அறிக்கையை வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்மான எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள்.

எதுவும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். "எங்கள் ஊர் நீராதாரங்களில் கடந்த இரண்டு ஆண்டில் எடுத்த மாதிரிகளின் தேதி, இடம், அறிக்கை நகல்" என்று குறிப்பாகக் கேளுங்கள். "தண்ணீர் ஏன் சரியில்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். பலர் கவனிக்காத வரி ஒன்று அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)யில் இருக்கிறது: பொது அதிகார அமைப்பிடம் இருக்கும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. மேல்நிலைத் தொட்டித் தண்ணீருக்கு இதைப் பயன்படுத்தலாம். அப்படி எடுத்த மாதிரியில் அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். "நீங்களாக எங்கோ பிடித்த தண்ணீர்" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அந்தத் தாய் நான்காம் முறை புதிய கேனோடு வந்தார். புளோரைடு 2.4 என்று வந்தது. அறிக்கையை மடித்து ரேஷன் அட்டை வைக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, "இதை யாரிடம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். மூன்று நகல் எடுத்து வரச் சொன்னேன்.