எலி ஏன் திரும்பிப் பார்த்தது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “27 வயதில் வெளியூரில் நல்ல வேலைக்கு ஆர்டர் வந்தது. அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் போகவில்லை. இப்போது 54. ராத்திரி படுத்தால் அந்த ஆர்டர்தான் கண்ணில் நிற்கிறது. அப்பா இறந்த துக்கம்கூட ஆறிவிட்டது, இது ஏன் ஆறவில்லை?”

அப்பாவின் சாவில் உங்கள் முடிவு எதுவும் இல்லை. இதில் இருக்கிறது. கேட்ட வேலை கிடைக்காவிட்டால் ஏமாற்றம். கிடைத்ததை நாமே விட்டால் கழிவிரக்கம். மூளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். கண்குழிகளுக்கு நேர் மேலே ஆர்பிட்டோஃப்ரன்டல் புறணி என்று ஒரு பகுதி உண்டு. அது சேதமானவர்களை 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு சுழல் சக்கரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சூதாட வைத்தார்கள். ஜெயித்தால் மகிழ்ந்தார்கள், தோற்றால் வருந்தினார்கள். ஆனால் எடுக்காமல் விட்ட சக்கரத்தில் எவ்வளவு விழுந்திருக்கும் என்று காட்டியபோது, அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சரி, எனக்கு மிகப் பிடித்த சோதனைக்கு வருகிறேன். 2014இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஆடம் ஸ்டைனரும் டேவிட் ரெடிஷும் எலிகளுக்கு ஒரு கடைவீதி அமைத்தார்கள். சுற்றிவரும் பாதையில் நான்கு தீனிக் கடைகள்: வாழைப்பழம், செர்ரி, சாக்லேட், சுவை சேர்க்காத சாதா தீனி. ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஒலி கேட்கும். சுருதி எவ்வளவு உயரமோ, அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். எலிக்கு இருப்பதோ அளவான நேரம். சில சமயம், கொஞ்சம் நின்றாலே தீனி கிடைத்துவிடும் கடையை அது தாண்டிப் போய்விடும். அடுத்த கடையில் பார்த்தால் நெடுநேரக் காத்திருப்பு.

எலி அங்கே நின்று, தலையைத் திருப்பி, விட்டுவந்த கடையைப் பார்க்கிறது! அந்தக் கணத்தில் அதன் ஆர்பிட்டோஃப்ரன்டல் செல்கள், முந்தைய கடைக்குள் நுழையும்போது எப்படித் துடிக்குமோ அப்படித் துடிக்கின்றன. தவறவிட்ட தீனியைவிட, அந்தக் கடைக்குள் நுழையாமல் போனதுதான் அந்தத் துடிப்பில் அதிகம் தெரிகிறது. தன் தவறு இல்லாமல் மோசமான கடை வாய்த்தால் எலி இவ்வளவு திரும்பிப் பார்ப்பதில்லை. அப்புறம் அந்த நெடுநேரக் கடையிலேயே காத்திருந்து, கிடைத்ததை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுகிறது.

எலியை ஓடவிட ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. தனித்தனி செல் பேசுவதை மனித மூளைக்குள் இவ்வளவு எளிதாகக் கேட்டுவிட முடியாது. நான் இதற்கு இன்னும் அதிகமாகவே பணம் கொடுப்பேன்.

‘எல்லாம் தலையெழுத்து’ என்று சொன்னால் மனம் லேசாவதும், முடிவு நம்முடையதா இல்லையா என்ற இந்த வித்தியாசத்தால்தான். ‘நான்தானே விட்டேன்’ என்பது கழிந்து, வெறும் ஏமாற்றம் மிஞ்சுகிறது. ஆறுதலுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் பிள்ளை என்ன படிப்பது என்று ஜாதகத்தைக் கேட்டு முடிவெடுக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

செய்ததைப் பற்றிய வருத்தம் முதலில் சுரீரென்று தைக்கும். வருடங்கள் போகப்போக, செய்யாமல் விட்டதே அதிகம் உறுத்தும் என்று 1990களில் உளவியலாளர்கள் தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் காட்டினார்கள். உங்கள் 27 வருடமும் அப்படித்தான். ஒன்று கவனித்தேன், ஐயா: கடிதம் முழுக்க அந்த ஆர்டரே இருக்கிறது. அம்மாவோடு இருந்த வருடங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள்.