ஸ்பிரிங் ஏர் ரைஃபிளை ஏன் இறுக்கிப் பிடிக்கக் கூடாது?

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. தோளில் ஊன்றிய ஒரு மீட்டர் நீள ரைஃபிளின் முனை 0.1 மி.மீ. விலகினாலே பெல்லட் (சிறு ஈயக் குண்டு) 1 மி.மீ. தள்ளிப்போய் விழும். இவ்வளவு நுணுக்கமான வேலையில் எல்லா ரைஃபிளுக்கும் ஒரே பிடி சரிவராது.

ஸ்பிரிங் ரைஃபிளில் விசையை அழுத்தியதும், அமுங்கிக் கிடந்த ஸ்பிரிங் விரிந்து கனமான பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. அதன் எதிர்வினையாக ரைஃபிள் பின்னால் நகர்கிறது. சிலிண்டரில் காற்று நெரிபட்டு அழுத்தம் உச்சத்தை நெருங்கும்போதுதான் பெல்லட் கிளம்பும். அந்தக் காற்றில் முட்டி பிஸ்டன் வேகம் இழக்க, ரைஃபிள் இப்போது முன்பக்கமாகத் துள்ளும். பின்னுதைப்பை மட்டும் எதிர்பார்த்துச் செய்த, ரைஃபிள்மேல் பொருத்தும் தொலைநோக்கிகள் இந்த இரட்டை உதைப்பில் பழுதாவதும் உண்டு. எல்லாம் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். கையால் தடுக்க நேரமே இல்லை.

ஆக, அசைவை நிறுத்த முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைய விடுவதுதான் வழி. இறுக்கிப் பிடித்தால், கையின் அழுத்தம் ஒவ்வொரு சுடுதலுக்கும் கொஞ்சம் மாறும். துள்ளலும் அதற்கேற்ப மாறும். அதனால் முன்னால் தாங்கும் கையை விரித்து, ரைஃபிளை உள்ளங்கைமேல் சும்மா கிடத்த வேண்டும். விரல்கள் கட்டையை (குழலைத் தாங்கும் பிடிப்பகுதியை) சுற்றிப் பற்றக் கூடாது. தோளிலும் லேசாகப் பட்டால் போதும். உள்ளங்கை ஓரங்குலம் முன்னே பின்னே போனால்கூட குண்டு விழும் இடம் மாறக்கூடும் என்பதால், கை வைக்கும் இடத்தைக் கட்டையில் குறித்துக்கொள்வது நல்லது.

ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் இதற்கு ஓர் அருமையான தீர்வு கண்டது. அதன் 300 வரிசை ரைஃபிள்களில், சுடும் நொடியில் குழலும் சிலிண்டரும் சேர்ந்து கட்டைமேல் பின்னால் வழுக்கிச் செல்லும். உதைப்பு தோளுக்கு வருவதே அரிது.

இன்றைய போட்டி ரைஃபிள்கள் சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றால் இயங்குபவை. கனமான பிஸ்டன் இல்லை. உதைப்பு மிகச் சொற்பம். இவற்றைத் தோளில் நன்றாகப் பதித்து, கன்னத்தின் பாரத்தைக் கட்டைமேல் இறக்கலாம். இங்கே தொல்லை தருவது உடம்பின் ஆட்டம்தான். குறிபார்த்து, கண்ணை மூடி, மூச்சை மெல்ல விட்டுத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துச் சரிசெய்யாமல், பாதங்களை நகர்த்தி நில்லுங்கள். கையால் இழுத்தால், விசையை அழுத்தும் கணத்தில் தசை தளர்ந்து ரைஃபிள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.