கையெழுத்தைப் பார்த்து ஜாடி வாங்காதீர்கள்

பழைய ஸ்காண்டிநேவியக் கண்ணாடிக் கலைப்பொருட்களை மதிப்பிடுவது என் வேலை. ஜாடியோடு வருகிறவர்கள் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் காட்டுவார்கள். "பாருங்க, கையெழுத்து இருக்கு."

சமீபத்தில் வந்த ஒன்றிலும் இருந்தது. டென்மார்க்கின் ஹோல்மேகார்ட் தொழிற்சாலை, பெர் லுட்கன். 1942 முதல் 1998இல் இறக்கும்வரை அங்கே வடிவமைத்தவர். ஐம்பதுகளில் பி, எல் என்ற எழுத்துகளுக்கு ஒரு பக்கம் 19, மறுபக்கம் 55 என்று ஆண்டைப் பிரித்துப் பொறிப்பார்கள். இதிலும் அச்சு அசலாக அப்படியே.

லென்ஸை வைத்தேன். அறுபது எழுபது வருடம் அலமாரியில் நகர்ந்த ஜாடிக்கு, தரையைத் தொடும் வட்டத்தில் எல்லாத் திசையிலும் மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கும். எழுத்து அந்த வட்டத்தில் இருந்தால் கீறல்கள் அதன் மேலும் ஏறிப் போயிருக்க வேண்டும். இங்கே எழுத்துதான் கீறல்களை வெட்டிக்கொண்டு போனது, அதாவது கையெழுத்து பிற்பாடு பொறித்தது. பள்ளத்துக்குள் வெள்ளைத் தூள்கூட மிச்சமிருந்தது. ஜாடியைக் கொண்டுவந்தவர் அதற்குக் கொடுத்த பணம் பெரிது. அவரிடம் இதைச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நேர்மாறும் நடக்கிறது. ஆல்வர் ஆல்டோ 1936இல் வடிவமைத்த அலை வடிவ ஜாடியை பின்லாந்தின் இட்டாலா நிறுவனம் இன்றும் தயாரிக்கிறது. புதியதில் அவர் பெயர் இருக்கும். மர அச்சில் ஊதிய ஆரம்பகால ஜாடிகளில் பெரும்பாலும் இருக்காது. பெயர் இல்லையென்று அதை ஒதுக்கிவிட்டு, புதியதைப் பழைய விலைக்கு வாங்குகிறார்கள்.

கண்ணாடியையே பார்க்கப் பழகுங்கள். ஸ்வீடனின் ஓரெஃபோர்ஸ் கண்ணாடித் தொழிற்சாலையில் 1916இல் உருவான கிரால் முறையில், நிறம் போர்த்திய சிறு கண்ணாடிக் கட்டியில் படத்தைச் செதுக்கி, மறுபடி சூடாக்கி, மேலே தெளிந்த கண்ணாடி போர்த்தி ஊதுவார்கள். ஊத ஊதப் படமும் விரியும். அங்கே வடிவமைத்த எட்வர்ட் ஹால்டின் மீன் ஜாடியை நகத்தால் வருடினால் வெளியே வழவழப்புதான். மீனும் பாசியும் கண்ணாடிக்குள்ளே நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி. படம் நகத்தில் தட்டுப்பட்டால் அது கிரால் இல்லை.

அப்புறம் விளிம்பு. வாய் சில்லுப் போனதைத் தேய்த்துச் சமன்செய்து விற்கிறார்கள். நெருப்பில் குழைந்த விளிம்பு உருண்டையாக இருக்கும். தேய்த்தது தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். முதலிலேயே அறுத்துத் தேய்த்த வடிவங்களும் உண்டு என்பதால், உயரத்தைத் தொழிற்சாலையின் பழைய விலைப்பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

சரி, நல்லதாக வாங்கிவிட்டீர்கள். டிஷ்வாஷரில் மட்டும் வைக்காதீர்கள். அதில் வரும் வெள்ளை மங்கல் பல நேரம் அழுக்கே இல்லை. கண்ணாடியின் மேல்பரப்பே அரித்துப்போனது, கழுவினால் போகாது.