டிஸ்க் எழுத மறுக்கிறதா? வற்புறுத்தாதீர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக் கணக்கோ, ஏற்காட்டு எஸ்டேட் ஆபீசின் சம்பளப் பட்டியலோ, புகார் பெரும்பாலும் ஒன்றுதான். “கரண்ட் போய் வந்துச்சு. இப்ப ஆன் பண்ணா டிஸ்க்கைச் செக் பண்றேன்னு அங்கேயே நிக்குது. அந்தச் செக்கிங் வராம பண்ணிடலாமா?”

பண்ணலாம்தான். விண்டோஸில் அதற்கு ஒரே வரிக் கட்டளை போதும். ஆனால் அதன்பின், எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணை குழம்பியிருந்தாலும், அதை நம்பியே புது பில்கள் எழுதப்படும். பழைய ஃபைல் இருக்கும் இடம் காலி என்று அந்த அட்டவணை சொன்னால், புதியது அதன்மேலேயே உட்காரும். அப்படி அழிந்ததை எந்த ரெக்கவரி மென்பொருளும் மீட்டுத் தராது.

லினக்ஸ் சர்வர்களில் இதே காவல், சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறைகளில் (ஃபைல் சிஸ்டம்) ஒன்றான எக்ஸ்ட்4-இல், அட்டவணையில் முரண்பாடு தெரிந்தால் என்ன செய்வது என்பதற்கு மூன்று அமைப்புகள் உண்டு: கண்டுகொள்ளாமல் தொடர்வது, ரீட்-ஒன்லியாக (படிக்கலாம், எழுத முடியாது) மாற்றுவது, சிஸ்டத்தையே நிறுத்துவது. பில்லிங் சர்வருக்கு இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் இன்னும் கறார்; நினைவகத்தில் இருக்கும் தன் அட்டவணையில் பிசகு கண்டால் அந்தப் பார்ட்டிஷனையே மூடிவிடும். பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், 2019-இல் வந்த 5.2 லினக்ஸ் கெர்னலிலிருந்து, எழுதுவதற்கு முன்பே ஒவ்வொரு மெட்டாடேட்டா (அட்டவணை) பிளாக்கையும் சரிபார்க்கிறது. அங்கே பிழை விழுந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் ரேமைப் பாருங்கள். ஒரே ஒரு பிட் புரண்டாலும் போதும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும்.

டிஸ்க்கா, கேபிளா என்று பிரிக்க டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் போதும். 05, சி5 எண்களுக்கு நேரே உள்ள மூல மதிப்பு ஏறினால் டிஸ்க்கின் பரப்பே போய்க்கொண்டிருக்கிறது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான், அதை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் பழைய எண் அப்படியே நிற்கும், பூஜ்யமாகாது. அதற்கு மேல் ஏறுகிறதா என்பதுதான் கணக்கு. இது தெரியாமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் அதிகம்.

சி5 ஏறும் டிஸ்க்கில் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க்கை ‘/ஆர்’ சேர்த்து ஓட்டவே கூடாது. அது பரப்பு முழுவதையும் படித்துப் பார்க்கும். சாகக் கிடக்கும் டிஸ்க் அதிலேயே போய்விடலாம். முதலில் பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு டிஸ்க்குக்கு முழு நகல். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலைக் கட்டாயம் கொடுங்கள், பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ரிப்பேர் எதுவானாலும் நகலின் மேல்தான். லினக்ஸில் எக்ஸ்ட்4 என்றால் அன்மவுண்ட் செய்துவிட்டு, சோதனைக் கட்டளையான எஃப்எஸ்சிகே-வை முதலில் ‘-என்’ போட்டு ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல் என்னென்ன கோளாறு என்று மட்டும் சொல்லும்.

செக்டிஸ்க் “சரியாக இருக்கிறது” என்றதும் நிம்மதியடைய வேண்டாம். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்-இன் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) அட்டவணையைத்தான் காக்கிறது, பில்லுக்குள் இருக்கும் தொகையை அல்ல. டேட்டாவுக்கே செக்சம் (மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) போடுபவை இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள். அவையும்கூட இன்னொரு நல்ல நகல் இருந்தால்தான் திருத்த முடியும். இல்லாவிட்டால் கெட்டுவிட்டது என்று சொல்வதோடு சரி. ஆகவே ரிப்பேருக்குப் பிறகு கணக்கைத் திறந்து கடைசி நாள் பில்களை ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சி டிரைவில் ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைந்த ஃபோல்டர் முளைத்திருந்தால் அழிக்காதீர்கள், காணாமல் போன துண்டுகள் அதில் இருக்கலாம்.

யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். சேலம் வெயிலில் அந்த 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். பில் போடாத நேரத்தில், எல்லா ஃபைலையும் மூடிவிட்டு, யுபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். முறையாக ஷட் டவுன் செய்யும் அளவுக்குக்கூடத் தாங்கவில்லை என்றால் பேட்டரி மாற்ற வேண்டும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டவே கூடாது, சூடேறும்போது அது இழுக்கும் கரண்டில் யுபிஎஸ் டிரிப் ஆகும். ஏற்காட்டில் கோடை மழை இடி தொடங்கிவிட்டால் பவர் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.