உறுதியில் 512, காணியில் 32: கேம் மெஷினுக்கு நம்பி ஒரு சிப் வாங்குவது எப்படி

"மாமா, மூண்டாவது கேம் மட்டும் துறக்குதில்லை" என்று மருமகன் வந்து நின்றபோது இரவு எட்டு மணி இருக்கும். கையில் நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா கொடுத்துவிட்டுப் போனது. அதன் முதுகில் இருக்கும் நிறுத்துகாலைத் தூக்கினால் ஒரு சின்னப் பிளவு தெரியும். அதற்குள் விரல் நகமளவில் ஒரு மெமரி காட். 512 ஜிபி என்று அச்சடித்திருந்தது. கிளிநொச்சியில் ஒரு போன் கடையில், வழமையான விலையில் கால்வாசிக்கு வாங்கியிருக்கிறான். முதல் கேம் 6 ஜிபி, இரண்டாவது 14 ஜிபி, இரண்டும் ஒழுங்காக ஓடின. மூன்றாவது 16 ஜிபி. இரவு டேட்டாவில் மூன்று நாள் விழித்திருந்து இறக்கியது. திறந்தால் தரவு பழுதடைந்திருக்கிறது என்கிறது.

கேம் காட்டுக்குள் தொலைந்துவிட்டது என்று வன்னியில் எழுதினால் வேறு அர்த்தம் வரும். ஆகவே இனிமேல் சிப் என்றே சொல்கிறேன். கடையிலும் அப்படித்தானே கேட்கிறோம்.

நாங்கள் வவுனியாவில் படித்த காலத்தில் மணிக்கணக்கில் காசு கொடுத்து பிளேஸ்டேஷன் 2 விளையாடுவோம். அதன் மெமரி காட் 8 எம்பி. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவன் பெரிய ஆள். மருமகனின் சிப்பில் அச்சடித்திருந்தது அதைப்போல 64,000 மடங்கு. அத்தனையும் நகமளவுக்குள் எப்படி அடங்குகிறது என்று தெரிந்தால், அது எங்கே பொய் சொல்லும் என்பதும் விளங்கிவிடும்.

சிப்புக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். 1980களில் தொஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா உருவாக்கியது. இன்று சிப்புகளில் இருக்கும் நான்ட் வகையை அவர் 1987இல் வெளியிட்டார். அதன் அடிப்படை அலகு ஒரு நுண்ணறை. சிலிக்கனுக்கு மேலே மின்சாரம் கடத்தாத ஒரு மெல்லிய காவலிப் படலம், அதற்கு மேலே இலத்திரன்களை அடைத்து வைக்க ஒரு இடம். படலத்தின் தடிப்பு 10 நனோமீற்றருக்கும் குறைவு. கொப்பித் தாளைப் பத்தாயிரம் படலமாக உரிக்க முடிந்தால் ஒரு படலம் அந்தளவு வரும். கிட்டத்தட்ட 20 வோல்ற் கொடுத்தால் இலத்திரன்கள் அந்தச் சுவரை ஏறிக் கடக்காமல் அதற்குள்ளாலேயே மறுபக்கம் போய்விடுகின்றன. குவாண்டம் இயற்பியலில் இது சாதாரணம். வோல்ற்றை எடுத்துவிட்டால் உள்ளே போனவை அங்கேயே கிடக்கும். மின்சாரம் இல்லாமலே தரவு தங்குவது இதனால்தான்.

இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்தான் இலத்திரன், குளக்கட்டுத்தான் காவலிப் படலம். மாரியில் எல்லோரும் கேட்பது "எத்தனை அடி?" என்றுதான். 36 அடி வந்தால் நிறைந்துவிட்டது. முதலில் வந்த ஃபிளாஷ் நுண்ணறை ஒன்று ஒரு பிற்றைத்தான், அதாவது 0 அல்லது 1 என்ற ஒரு விடையைத்தான், வைத்திருந்தது. குளத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. ஒரு குளத்திலேயே கூடத் தகவல் வைத்தால் சிப் மலிவாகும் என்று கண்டார்கள். பிற் ஒன்று கூடும்போதெல்லாம் மட்டங்கள் இரட்டிக்கும்; மூன்று பிற் வைக்க வேண்டுமானால் எட்டு மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். 36 அடியை எட்டாகப் பிரித்தால் ஒரு மட்டத்துக்கு நாலரை அடி. நான்கு பிற் என்றால் பதினாறு மட்டம், ஒன்றுக்கு இரண்டேகால் அடிதான்.

இப்போது குளத்திலிருந்து இரண்டு அடி தண்ணீர் கசிந்து போகிறது என்று வையுங்கள். பாதிக்கு மேலா கீழா என்று மட்டும் கேட்டவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பதினாறு மட்டம் பார்க்கிறவருக்கு விடை அநேகமாகப் பிழையாகிவிடும். மலிவான சிப் தரவை மறக்கும் கதை இவ்வளவுதான். அழித்து எழுதும் ஒவ்வொரு தரமும் இலத்திரன்கள் படலத்தைத் துளைத்துப் போய்வருவதால் கட்டு பலவீனமாகிக்கொண்டே போகும். ஒரு பிற் நுண்ணறை ஏறத்தாழ ஒரு இலட்சம் தரம் அழித்தெழுதுவதைத் தாங்கும். மூன்று பிற் நுண்ணறை ஆயிரக்கணக்கில்தான்.

கேம் விளையாடுகிறவருக்கு இந்தத் தேய்மானம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆயிரம் தரம் என்று குறைத்து வைத்தே கணக்குப் பார்ப்போம். 128 ஜிபி சிப்பில் மொத்தம் 128,000 ஜிபி எழுதலாம். நாளுக்கொரு 14 ஜிபி கேம் இறக்கினாலும் 25 வருடம் போகும். எங்கள் டேட்டா பெக்கேஜில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இரவுபகலாக எழுதிக்கொண்டிருக்கும் சிசிடிவி கமராவுக்கென்று கூடிய விலையில் விற்கும் சிப்புகள் கேமுக்குத் தேவையில்லை. ஒருமுறை எழுதிப் பலமுறை வாசிப்பதுதான் கேமின் வேலை.

அப்படியானால் மருமகனின் சிப்பில் என்ன நடந்தது?

ஒவ்வொரு சிப்புக்குள்ளும் கட்டுப்படுத்தி என்று ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. எந்தத் தரவு எந்த நுண்ணறையில் கிடக்கிறது என்ற வரைபடம் அதனிடம்தான். வெளியிலிருக்கும் இயந்திரம் நுண்ணறைகளை நேரே பார்ப்பதில்லை. "உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று கட்டுப்படுத்தியைக் கேட்கும், அது சொல்வதை அப்படியே நம்பும். போலிச் சிப் செய்கிறவர்கள் கை வைப்பது அந்தப் பதிலில். உள்ளே இருப்பது 32 ஜிபி சிலிக்கன், கட்டுப்படுத்தியின் மென்பொருளை மாற்றி 512 என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். 32 ஏக்கர் காணிக்கு 512 ஏக்கருக்கு உறுதி முடித்த கதைதான். உறுதியைப் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. காணிக்குள் இறங்கி நடந்தால்தான் தெரியும். போர்மற் செய்தாலும் பிடிபடாது, ஏனென்றால் போர்மற் தொடக்கத்தில் கொஞ்சம் எழுதிவிட்டு மிச்சத்தை உறுதியைப் பார்த்தே முடித்துக்கொள்ளும்.

எல்லைக்கு அப்பால் எழுதும்போது சில போலிகள் வந்த தரவைச் சத்தமில்லாமல் எறிந்துவிட்டு "எழுதியாயிற்று" என்று சொல்லும். சில, சுற்றி வந்து முதலாவது வரப்பிலிருந்து பழையதற்கு மேலேயே எழுதும். 6, 14, 16 என்று கூட்டினால் 36. மூன்றாவது கேமின் வால்ப்பகுதிக்குக் காணியே இருக்கவில்லை.

காணிக்குள் நடந்து பார்க்க இலவச மென்பொருள்கள் உண்டு. விண்டோஸ் கணினிக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் என்றால் எஃப்3. இரண்டும் செய்வது ஒன்றைத்தான். ஒவ்வொரு துண்டிலும் இலக்கமிட்ட ஒரு கல்லை நட்டுக்கொண்டு கடைசி வரை போகும். பிறகு முதலிலிருந்து திரும்பி வந்து ஒவ்வொரு கல்லும் அதே இடத்தில் அதே இலக்கத்தோடு நிற்கிறதா என்று பார்க்கும். எல்லாத் துண்டிலும் ஒரே கல்லை நட்டால் சுற்றி எழுதும் போலியைப் பிடிக்க முடியாது, அதனால்தான் இலக்கம்.

அன்றிரவு லப்ரொப்பில் சிப்பைப் போட்டுப் பத்து மணிக்குத் தொடக்கிவிட்டுப் படுத்தேன். 512 ஜிபியை விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதி முடிக்கவே ஏழு மணித்தியாலம் செல்லும். காலையில் தேநீரோடு போய்ப் பார்த்தால் பெட்டிக்குள் சிவப்பு எழுத்து. சரியாக இருந்தது 29 ஜிபி, மிச்சம் 447 ஜிபி தொலைந்தது. மருமகன் வாசித்துவிட்டு, "மிச்சம் எங்க போச்சு?" என்றான். இல்லாதது எங்கே போவது.

கூட்டிப் பார்த்தால் 476தானே வருகிறது, 512 இல்லையே என்று கேட்பீர்கள். அது ஏமாற்று இல்லை. உற்பத்தியாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைற்றாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஐ மூன்று தரம் பெருக்கி எண்ணுகிறது. அசல் 512 சிப்பும் 476 என்றுதான் காட்டும், 32 சிப் 29 என்று காட்டும்.

கடைக்காரரோடு நான் சண்டைக்குப் போகவில்லை. மொத்தமாக வாங்கி விற்கிற அவருக்கும் உள்ளே இருப்பது தெரிந்திருக்காது. ஆனால் கால்வாசி விலைக்கு 512 கிடைக்கிறது என்றால் மறுபேச்சு வேண்டாம், விட்டுவிட்டு வாருங்கள். அந்தக் காசுக்கு அறிந்த நிறுவனத்தின் 128ஐ பில்லோடு வாங்கி, அன்றைக்கே சோதித்துப் பாருங்கள். பில் இருந்தால்தான் மாற்றவும் முடியும்.

சிப்பின் முகத்தில் இருக்கும் மற்ற அடையாளங்களுக்கு இவ்வளவு முக்கியம் இல்லை. யு3, வி30 என்பவை விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி தொடர்ந்து எழுதும் என்ற உத்தரவாதம். வீடியோ எடுப்பவருக்கு அது வேண்டும். கேம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னத் துண்டுகளை வாசிக்கும், அதற்கு ஏ1 அல்லது ஏ2 அடையாளத்தைப் பாருங்கள். ஏ1 என்றால் விநாடிக்குக் குறைந்தது 1,500 தரம் அப்படி வாசிக்கும். பெட்டியில் 200 எம்பி என்று போட்டிருப்பதில் மயங்க வேண்டாம். பழைய ஸ்விட்ச்சின் வாசல் 104 எம்பிக்கு மேல் விடாது. 2025இல் வந்த ஸ்விட்ச் 2 வேறு கதை. அதில் கேம் வைக்க மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகைதான் வேண்டும், பழைய சிப் சரிவராது. பிளேஸ்டேஷன் 5 என்றால் சிப்பே இல்லை, விநாடிக்கு 5,500 எம்பி வாசிக்கும் எம்.2 எஸ்எஸ்டி என்ற பெரிய ஃபிளாஷ் சேமிப்பகத்தை வெப்பம் கடத்தும் தகட்டோடு பூட்ட வேண்டும்.

அடுத்தது கரண்ட். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள், கரண்ட் போவதற்கெல்லாம் பதறுவதில்லை. சிப்புகள் பதறும். குளத்தை மூன்றாம் மட்டத்திலிருந்து ஆறாம் மட்டத்துக்கு நிரப்பிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றால், தண்ணீர் பழைய மட்டத்திலும் இல்லை, புதியதிலும் இல்லை. புதிய தரவு மட்டுமில்லாமல் அதே நுண்ணறையில் ஏற்கெனவே இருந்த பழைய பிற்றும் கெட்டுப்போகலாம். அந்த நேரம் கட்டுப்படுத்தி தன் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் முழுச் சிப்பும் வாசிக்க முடியாமல் போகும். சேமிக்கும்போது மெமரி காட்டைக் கழற்றாதே என்று அந்தக் காலத்து பிளேஸ்டேஷன் திரையில் எழுதிக் காட்டியது இதற்குத்தான். ஸ்விட்ச்சுக்குள் பற்றரி இருப்பதால் இந்த விஷயத்தில் அது எங்களுக்கு வாய்த்த மெஷின். கரண்ட் போனால் ரிவி அணையும், கேம் அதன் சொந்தத் திரையில் தொடரும். பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர் பெரிய எஸ்எஸ்டிக்குக் காசு சேர்ப்பதற்கு முதல் ஒரு யுபிஎஸ் வாங்குவது நல்லது.

வெயிலும் குளத்தைக் குடிக்கும். வெப்பநிலை கூடக் கூட இலத்திரன்கள் வேகமாகக் கசியும். வீட்டுக் கணினிக்குரிய எஸ்எஸ்டி எழுதித் தேய்ந்து முடிந்த பிறகும் கரண்ட் இல்லாமல் 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்று, சிப் தொழிலுக்கு விதி வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை கேட்கிறது. ஆவணி வெயிலில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே 30 பாகை என்பது விடியப்புறத்துக் குளிர். புதுச் சிப் அதைவிடப் பல மடங்கு தாங்கும், பயப்பட வேண்டாம். ஆனாலும் பிள்ளையின் சின்ன வயதுப் படங்களை ஒரேயொரு பழைய சிப்பில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருப்பவர்கள் அதை இன்றைக்கே கீழே இறக்கி வேறோர் இடத்திலும் பிரதி எடுங்கள்.

மருமகனுக்கு 128 ஜிபி சிப் ஒன்று வாங்கினோம். இந்தமுறை அவனே லப்ரொப்பில் போட்டு, 119 ஜிபியும் சரி என்று வரும்வரை பக்கத்தில் இருந்தான். மூன்று கேமும் திரும்ப இறங்க ஒரு கிழமை எடுத்தது. இரண்டு மாதம் விளையாடிச் சேர்த்ததெல்லாம் போச்சு என்று அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் முதலாவதைத் திறந்தான். ஸ்விட்ச்சில் கேம்தான் சிப்பில் இருக்கும், விளையாடிச் சேமித்தது மெஷினின் சொந்த நினைவகத்தில் இருக்கும் என்பதை நான் வேண்டுமென்றே அவனுக்குச் சொல்லவில்லை. விட்ட இடத்திலேயே கேம் திறந்தது.